துரையின் தாகம்

"கிண்ணம் ஒழுகலை டாக்டரம்மா. அதை நானே நல்லா பார்த்துட்டேன். என் பொழப்பே அதுதானே!"

குழாய் ரிப்பேர் செய்கிறவர் அப்படிச் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தார் மனிதர். தாள் நனையவே இல்லை. தண்ணீர் மொத்தமும் துரையின் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

துரை என்பது அவர் வீட்டு முயல். எதையும் அலட்சியமாகப் பார்க்கிற அந்தப் பார்வைக்காக வைத்த பெயர். இப்போதும் கால்நடை மருத்துவரின் மேசைமேல் சாவகாசமாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, வைத்தியம் பார்த்துக்கொள்ள வந்தவர் டாக்டரம்மாதான் என்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்போலேர்ந்து இப்படிக் குடிக்குது?"

"ஒரு வாரமா. காலையில ரொப்பி வெச்சா மத்தியானம் காலி. மறுபடி ரொப்பினா சாயங்காலம் காலி. கிட்னி கெட்டுப்போச்சுன்னா இப்படித்தான் குடிக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர் வேற வயித்துல புளியைக் கரைச்சுட்டாரு."

சொல்லும்போதே திரும்பி, கதவோரம் நாற்காலியில் காலிக் கூடையை மடியில் வைத்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அவர் மேசைப் பக்கம் குனிந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவ மறுபடி படுத்துடுவா டாக்டரம்மா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவ, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவதான். பேச்சு கிடையாது. கொண்டுபோய் வெச்ச தட்டு அப்படியே திரும்பி வரும். அப்போதான் நான் குழாய் மாட்டப் போன வீட்ல, ஊரை விட்டுப் போறோம், இதை வெச்சுக்கறீங்களான்னு கொடுத்தாங்க. துணைக்கு இருக்கட்டுமேன்னு கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய் விட்டேன். எழுந்து உக்காந்தா. இதுகிட்ட பேச ஆரம்பிச்சா. நல்லா சாப்பிடவும் ஆரம்பிச்சுட்டா. போன வாரம் ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, இப்போதான் முகத்துல ரத்தம் தெரியுதுன்னு சொன்னாங்க. எனக்கு என் பெண்டாட்டியைத் திருப்பிக் கொடுத்தது இதுதான். இதை நான் கும்பிடணும்."

குரலைத் தணித்தும் பயனில்லை. கடைசியில் அறை முழுக்கக் கேட்கும்படி மூக்கை உறிஞ்சினார்.

டாக்டரம்மா துரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அமுக்கினார். எடை போட்டார். துரை எல்லாவற்றையும் பெரிய மனதுடன் பொறுத்துக்கொண்டது.

"வெயில் படற இடத்துல வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, ஃபேனுக்கு நேர் கீழே."

"உப்பு போட்ட பண்டம் ஏதாவது?"

"சேச்சே!"

"காலையில எடுத்த ரத்தத்துலயும் சிறுநீர்லயும் ஒரு கோளாறும் இல்லை. கிட்னி நல்லா இருக்கு. சர்க்கரையும் இல்லை. பயப்படாதீங்க."

அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. "அப்போ ஏன் இப்படிக் குடிக்குது?"

"என்ன தீனி போடறீங்க?"

"காய்ஞ்ச புல்லு. அப்புறம் கடையில விக்கிற உருண்டைத் தீனி. அவ்வளவுதான்."

"பச்சையா எதுவும்?"

"கண்ணுலகூடக் காட்டினதில்லை."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஒரு வாரத்துக்கு முன்னாடி எவ்வளவு தண்ணி குடிச்சுது?"

"எங்க குடிச்சுது? சும்மா நாக்கை நனைச்சுக்கும். ஊத்தினது ஊத்தினபடி இருக்கும்."

"அப்படின்னா கேள்வியையே மாத்திக் கேக்கணும். காய்ஞ்ச தீனி தின்ற முயல் இவ்வளவு தண்ணி குடிக்கறதுதான் சரி. முன்னாடி குடிக்காம எப்படி இருந்துதுன்னுதான் புரியலை. கீரை, வெள்ளரிக்காய் மாதிரி ஈரமா தினமும் ஏதாவது கிடைச்சா, தண்ணியை அவ்வளவா தேடாது. யாரோ கொடுத்துட்டு இருந்திருக்காங்க. போன வாரம் நிறுத்திட்டாங்க."

"யாரு கொடுக்கறது? வீட்ல நாங்க ரெண்டே பேரு!" அவர் படபடத்தார். "கீரையும் வெள்ளரிக்காயும் வாங்கறேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதெல்லாம் இவளுக்கு. சமையல் வாசனையே குமட்டுதுன்னு சொன்னதால, பச்சைக் காய்கறியாவது கொடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என் கையாலேயே நறுக்கித் தட்டு நிறைய வெச்சுட்டுப் போறேன். துரை வந்த நாள்லேர்ந்து ஒரு துண்டு, ஒரு இலை மிச்சம் வெச்சதில்லை…"

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. கதவோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் மெல்லத் திரும்பினார்.

"கோச்சுக்காதீங்க" என்றாள் மனைவி. "தட்டு அப்படியே இருந்தா உங்க மூஞ்சி சின்னதாயிடும். அதைப் பார்க்க முடியலை. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கலை, இதாவது தின்னட்டுமேன்னு எல்லாத்தையும் இதுக்கே போட்டுடுவேன்."

போகிற வீட்டிலெல்லாம் குழாயை மாட்டியபடியே அவர் பெருமை அடித்துக்கொண்ட காலித் தட்டுகள் அத்தனையும் துரை காலி செய்தவை!

"அப்போ இந்த ஒரு வாரமா ஏன் போடலை?" என்று கேட்டார்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, துரையை அள்ளி அதில் வைத்தாள்.

"எனக்கே பத்தலைங்க."