வெறி தணிந்தது

பரிதி பல் துலக்கினான், பால் காய்ச்சினான், இரண்டு டம்ளரில் காபி கலந்தான். மனைவி தாரிணி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் குடியை நிறுத்த மருத்துவமனையில் கட்டிவிட்ட கைப்பட்டை, உடம்பு படபடத்தால் குடிவெறி என்று கணித்து அவள் இருக்கும் அறையின் கதவைப் பூட்டிவிடும்; பரிதியின் போனிலிருந்துதான் திறக்க முடியும்.

குளியலறை பூட்டிக்கொண்டது. அவன் போனில் கைப்பட்டையின் குரல் ஒலித்தது: "வெறி உச்சத்தில் இருக்கிறது. கெஞ்சுவார், பொய் சொல்வார். திறக்காதீர்கள்."

போன மாதம் இரங்கித் திறந்துவிட்டு அவளைச் சாக்கடையோரத்திலிருந்து தூக்கி வந்தவன் அவன்.

"இந்தத் தடவை ஏமாற மாட்டேன் தாரு!"

அவள் கதவில் தலையை மோதினாள். கண்ணாடியை உடைத்துச் சில்லால் கதவைக் குத்தினாள். கதவடியில் ரத்தம் கசிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சத்தம் அடங்கியது.

"வெறி தணிந்தது. வாழ்த்துகள்."

கதவு தானாகத் திறந்தது. கேஸ் கீசரிலிருந்து கசிந்த வாயுவின் நாற்றம் முகத்தில் அறைந்தது. அவளை அள்ளி மடியில் போட்ட பிறகுதான், அவள் கடைசியாகக் கத்தியது அவனுக்கு உறைத்தது.

"குடிக்க இல்லடா பரிதி, மூச்சு முட்டுது!"