மதிலில் ஒரு பொத்தல்

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் எல்லர்ஸ்லிப் புறநகர் வீட்டின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பெருவுக்குப் போய்வந்த பார்த்தீபன் மனைவி கஜானிக்கு ஸ்லைட் படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறான். புரொஜெக்டர் உறுமுகிறது. வெள்ளைச் சுவரில் ஒரு மலையுச்சி, இன்கா மக்கள் கட்டிய மதில், அதன் நடுவே கறுப்பாக ஒரு பொத்தல். "இதிலை இருந்ததுதான் இது," என்று காற்சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு கல்லை எடுத்துச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைக்கிறான். "பாழடைஞ்ச இடந்தானே கஜானி. ஆரும் காணேல்லை." கஜானி தேநீர்க் கோப்பையை வாயிலிருந்து இறக்குகிறாள். போன கிழமைதான் சொந்த ஊரான கோப்பாயிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் விட்டுவந்த வீட்டின் கதவு நிலைகளைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களாம். "எங்கட கதவு நிலையைப் பெயர்த்தவனும் இதைத்தானே சொல்லியிருப்பான், பாழடைஞ்ச வீடுதானே எண்டு? அவனைக் கள்ளன், கள்ளன் எண்டு மூண்டு நாளாத் திட்டினீங்கள்!" "அதுவும் இதுவும் ஒண்டே? நீர் ஏன் கத்துறீர்?" அவள் கோப்பையை வைக்கிறாள். கல்லை வெடுக்கென்று எடுத்து, சுவரில் தெரியும் பொத்தலின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கிறாள். அவன் பக்கம் திரும்ப, படத்து மலையின் வெயில் அவள் முகத்தில் விழுகிறது. "இஞ்சை இருந்துதானே எடுத்தனீங்கள்? வாங்கோ, வந்து பிடியுங்கோ. நான் கையை விட்டால் விழுந்திடும்."