கழுகு பார்க்கப் போன ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் கிளார்க்காக இருந்த பாலசுந்தரம், பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மீனலோசனியை ஒரு ஞாயிறு காலை போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் கழுகு பார்க்கக் கூட்டிப்போனார்.

படகோட்டி அய்யாவு அவளைப் பார்த்துச் சிரித்தார். "போன வாரமும் இதே இடத்துலதான் உட்கார்ந்தீங்க, அக்கா."

"நான் இப்பதான் முதல் தடவை வரேன், அண்ணே."

பாலசுந்தரம் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ஆளில்லாத தீவை நெருங்கியபோது கழுகுகள் தாழப் பறந்தன. கரைச் சேற்றில், கொக்குகளுக்கு நடுவே ஒருத்தி நின்றிருந்தாள். மீனலோசனியின் அதே சேலை, அதே முகம். கொக்குகள் அவளைக் கண்டு விலகவில்லை.

மீனலோசனி பயந்துபோய்க் கணவரின் கையைப் பிடித்தாள். அவர் அதை மெல்ல விலக்கிவிட்டு எழுந்து நின்றார். அவள் இதுவரை கேட்டிராத கனிவோடு கரையைப் பார்த்துச் சொன்னார்.

"இதோ வந்துட்டேன், லோசனி."