உள்ளேன் டீச்சர்

"மூணாங்கிளாஸ், நம்பர் ஒண்ணு?"

"உள்ளேன் டீச்சர்." தலையணையில் சாய்ந்திருந்த சிறுமி, ஊசி குத்தியிருந்த கையை விட்டுவிட்டு மற்றொரு கையைத் தூக்கினாள். டீச்சர் நிமிர்ந்து வெறும் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்றாள். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட மகளோடு, அன்று மதியம்தான் இந்தக் குழந்தைகள் வார்டுக்கு வந்திருந்தாள். மகள் மாவுக்கட்டோடு தூங்கிவிட்டதால், வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை.

அவளுக்கா டீச்சர்களைத் தெரியாது? கோடை விடுமுறை விட்ட மறுநாளே கடைக்கு வந்து துணியைக் குவித்துவிட்டு, ஊருக்குப் போகணும், சீக்கிரம் தைத்துக் கொடு என்று உயிரை எடுப்பவர்கள். ரெண்டு மாசம் காலை நீட்டிக்கொண்டு கிடக்கலாம், கொடுத்து வைத்த ஜென்மங்கள் என்று மெஷினை மிதித்துக்கொண்டே அவள் சொல்வது வழக்கம். இந்த டீச்சர் என்னடாவென்றால், சீக்காய்க் கிடக்கிற பிள்ளையைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்து பாடம் நடத்துகிறாள்.

பெருக்கல் முடிந்து வகுத்தல் வந்தது. சிறுமிக்குக் கண் செருகும்போதெல்லாம் டீச்சர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"லீவுலகூட விட மாட்டீங்களா டீச்சரம்மா? மூணாங்கிளாஸ் பாடத்த ஸ்கூல் தொறந்தப்புறம் நடத்தினா ஆகாதா?"

"தொறக்கறதுக்குள்ள முடிக்கணும்" என்றாள் டீச்சர், தலை நிமிராமல்.

ரிசல்ட் காட்டிப் பேர் வாங்க அலைகிறாள் என்று தையல்காரி முடிவு கட்டிவிட்டாள். நேரே வெளியே போய், வராந்தாவில் வந்த நர்ஸை நிறுத்தி, வைத்தியம் பார்க்கிற இடத்தில் பள்ளிக்கூடம் நடத்த யார் விட்டது என்று கேட்டாள்.

நர்ஸ் அவளை ஓரமாக இழுத்தாள். "அந்தப் பொண்ணு ஸ்கூல் தொறக்கற வரைக்கும் தாங்காதுக்கா. டாக்டர் சொல்லிட்டார். நீங்க ஏதும் பேசி வெச்சிடாதீங்க." அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

தையல்காரி திரும்பி வந்து மகளின் போர்வையைச் சரி செய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரி செய்தாள். இவளுக்குக் கால்தான். கூடிவிடும்.

அதன் பிறகு அவள் பார்த்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. தண்ணீர் புகட்டியது டீச்சர். வாந்தியைக் கையில் ஏந்தியது டீச்சர். ஊரார் பிள்ளைக்கு இப்படியும் ஒருத்தி செய்வாளா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டோடு வேறொருத்தி மேல் கோபம் கிளம்பியது.

"இதப் பெத்தவ எங்க டீச்சர்? இந்த நேரத்துல பிள்ள பக்கத்துல இருக்காம அப்படி என்ன கிழிக்கிறா? கல் நெஞ்சுக்காரி."

சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் கை அப்படியே நின்றது. பதில் சொன்னது சிறுமிதான், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு.

"உஷ்... கிளாஸ் நடக்குது ஆன்ட்டி. மணி அடிச்சதும் அம்மா வந்துடுவாங்க."

டீச்சர் திரும்பிக்கொண்டு, எழுதியதை அழித்தாள். அழித்த சிலேட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி வாயை மூடவில்லை. குரலை மட்டும் குறைத்துக்கொண்டு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்த டீச்சரிடம் படிக்கத்தான் அவளுக்கு ஆசையாம். மூன்றாம் வகுப்புக்குப் போனால்தான் இவர் வருவாராம். ரொம்பக் கண்டிப்பாம். கிளாஸுக்குள் வந்துவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கவே மாட்டாராம். சொல்லி முடிப்பதற்குள் சிறுமிக்கு மூச்சு வாங்கியது. முகத்தில் மட்டும் பெருமை குறையவில்லை.

மாலையில் பார்வையாளர் நேரம் முடிந்து, வார்டு ஆயா கைமணியை ஆட்டிக்கொண்டே வந்தாள். பார்க்க வந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தையல்காரி வாசலிலேயே கண்ணாக இருந்தாள். அந்த மகராசி வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

எல்லோரும் வெளியே போனார்களே தவிர, உள்ளே ஒருவரும் வரவில்லை. டீச்சரும் கிளம்பவில்லை. புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

சிறுமி சிரமப்பட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மணி அடிச்சிருச்சு டீச்சர். இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"