மாத்திரை இல்லாத இல்லம்

"மொதல்ல ஒரு கேள்வி. இங்க இருக்கிற பெரியவங்கள்ல எத்தனை பேருக்கு மனநோய் மாத்திரை குடுக்கிறீங்க?"

நாற்காலியில் அமருமுன்பே ஜெயபிரகாஷ் இப்படிக் கேட்டதும், சித்தூர் முதியோர் இல்லத்தின் தலைமைச் செவிலி இந்திராணி நிமிர்ந்து பார்த்தாள். இடம் இருக்கிறதா, மாதம் எவ்வளவு என்று கேட்பவர்களையே அவள் இதுவரை கண்டிருந்தாள்.

"முப்பது பேர்ல மூணு பேருக்கு சார். அதுவும் டாக்டர் பார்த்து எழுதிக் குடுத்தா மட்டும்தான்."

"மூணுதானா!" அவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். "திருப்பதியில ஒரு ஹோம் பார்த்தேன். நாற்பதுல இருபத்திரண்டு! பலமனேர்ல இருபத்தஞ்சுல ஒன்பது. ஞாபகம் தப்பினவங்க சத்தம் போட்டா மாத்திரையைக் குடுத்து சாய்ச்சிடறது. பார்த்துக்க ஆள் போடணுமே, அதுக்குப் பதில் மாத்திரை! இது மனுஷத்தனமா? மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவர் திருப்பதியில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜின் பிரின்சிபால். மூஞ்சிக்கு நேராகக் கேட்பது அவருக்குத் தொழில்.

"ரெண்டு மாசமா இதே வேலைதாம்மா இவருக்கு," என்றாள் மனைவி சுமித்ரா, பெருமை தாளாமல். "இந்த லிஸ்டை பேப்பருக்கே அனுப்பப் போறாரு."

இப்படியும் ஒரு பிள்ளை உண்டா என்று இந்திராணி வியந்தாள். வியப்பதற்கு வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும் உத்தியோகம் அவளுடையது.

சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய தாயார் கங்கம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கன்னிகா வந்துட்டாளா?"

"வருவா, வருவா," என்றார் ஜெயபிரகாஷ், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

"வந்துட்டாளா? சோறு துன்னாளா?"

"இதேதாங்க," என்றாள் சுமித்ரா. "ஆரம்பிச்சா நிக்காது. பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடிகூட இதே பாட்டுதான்."

இந்திராணி குனிந்து கிழவியின் கையைப் பற்றினாள். "கன்னிகா யாரு ஆயா?"

"எம் பொண்ணும்மா. கூலிக்கு வேர்க்கடலை ஆஞ்சி இவன படிக்க வச்சவ. இப்ப எங்கியோ மீன் வித்துக்கினு கீறா."

இந்திராணி சிரித்தாள். "சார், இதுக்கு மாத்திரையே வேணாம். இங்க சத்தம் போடறவங்கள்ல பாதிப் பேரு ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கினு இருப்பாங்க. பதில் கெடைச்சா அடங்கிடுவாங்க. உங்க சிஸ்டர் எங்க இருக்காங்க?"

"சூளூர்பேட்டையில." அவர் குரல் சற்று இறங்கியது.

"காலையில பஸ் ஏறினா மத்தியானம் இங்க வந்துடலாமே! வாரம் ஒருதரம் வந்து பக்கத்துல உக்காரட்டும். முடியலன்னா வீடியோ கால்ல மூஞ்சியக் காட்டட்டும். நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

கங்கம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ கூப்புடும்மா. இவன் கூப்புட மாட்டான்."

சுமித்ரா சுவரிலிருந்த காலண்டரை மிகுந்த கவனத்துடன் படிக்கத் தொடங்கினாள்.

ஜெயபிரகாஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதெல்லாம் சரிப்படாது மேடம். அவ மீன்காரனைக் கட்டிக்கினு போனவ. பதினஞ்சு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. எம் பொண்ணுக்கு வரன் பார்த்துக்கினு இருக்கற நேரத்துல, அத்தைன்னு சொல்லிக்கினு அவ வந்து நின்னா என் மரியாதை என்ன ஆகறது?"

"அப்ப ஆயா கேட்டுக்கினே இருப்பாங்களே சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பயப்படாதீங்க, ஒரு வருஷமா மெடிக்கல் ஷாப்புல வாங்கி நாங்களே குடுத்துக்கினுதான் இருக்கோம். இன்னிக்கு கிளம்புற அவசரத்துல மறந்துட்டோம், அதான் பேசுது."