திரைக்கு வெளியே ஒரு கை

பெண் பார்க்க வந்தவர், பெண்ணைக் காட்ட வேண்டாம் என்றார். கையை மட்டும் காட்டினால் போதுமாம்.

"முகத்த வெச்சு நான் என்ன செய்ய? கையக் காட்டுங்க புள்ள."

சொல்லிவிட்டு ஹாஜறா மாமி சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அட்டாளைச்சேனையிலிருந்து மருதமுனைக்கு, மடியில் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு பஸ் மாறி வந்திருக்கிறார்.

ஜெனூபா அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"அடியேய் அம்ஹா, கையத்தான் கேக்கிறாங்க!"

"என்ட கையையா ராத்தா?"

"பின்ன, என்ட கையையா? ரெண்டு பிள்ளைக்குத் துணி தோச்ச கைய ஆரு கேப்பாங்க?"

அம்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது.

எல்லாம் அந்தக் கையால் வந்த வினை. அக்கா ஜெனூபா மெஹந்தி போடுகிறவள். பேஸ்புக் பக்கத்துக்குப் படம் எடுக்க அவளுக்கு ஒரு கை வேண்டும். வீட்டில் சும்மா கிடந்தது அம்ஹாவின் கை. கடைசியாகப் போட்ட படத்துக்குக் கீழே ஒருத்தி, 'இந்தக் கைக்காரிக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா?' என்று கேட்டிருந்தாள். அடுத்ததாக ஹாஜறா மாமியின் செய்தி வந்தது: 'இந்தக் கைக்காரியை நேரில் பார்க்க வேணும். நாளைக்கு வாறன்.'

வேறு பெண்ணென்றால் துள்ளிக் குதித்திருப்பாள். ஆனால் அம்ஹா, பிறந்தபோது ஆண்பிள்ளை என்று சொல்லிப் பெயர் வைக்கப்பட்டவள். அம்ஹா என்பது அவளே வைத்துக்கொண்ட பெயர். கொழும்பு டொக்டர் எழுதிக் கொடுத்த ஹோர்மோன் மாத்திரையை ஒன்றரை வருடமாக விழுங்குகிறாள். அது இந்த வீட்டுக்குள் மட்டும் தெரியும். ஊருக்கு அவள் இன்னும் ஜெனூபாவின் தம்பி.

மாத்திரையின் வேலை அவள் கண்ணில் முதலில் பட்டது கையில்தான். புடைத்து நின்ற நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. தோல் மெத்தென்று ஆனது. நகம் மெலிந்து, பொத்தான் போட்டாலே உடைந்தது. ஒருநாள் அச்சாறு போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் ஜெனூபாவிடம் நீட்டினாள். ஜெனூபாவும் முக்கி முனகிவிட்டு, திறக்காமலே திருப்பித் தந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அச்சாறே மறந்துபோனது.

எலும்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ராத்தாவின் வளையல் இன்றும் பாதியில் நின்றுவிடும்.

"இல்லெண்டு சொல்லி அனுப்பு ராத்தா. பிடிபட்டா உன்ட தொழிலும் போச்சு. நாம ரெண்டு பேரும் ஊரையும் விட்டுப் போகணும்."

"அனுப்பிப் பாத்துட்டன். கையக் காணாம எழும்பமாட்டாவாம். திரைக்குள்ள நிண்டு நீட்டு. வாயத் திறந்தியோ, கொன்னுபோடுவன்!"

திரைக்கு வெளியே ஒரு கை மெல்ல வந்தது. பாதியில் திரும்பி உள்ளே போகப் பார்த்தது.

"வெக்கம் மாமி" என்றாள் ஜெனூபா.

மாமி கையைப் பிடித்தார். திருப்பினார். உள்ளங்கையைத் தேய்த்தார். நகத்தை அமுக்கினார். மணிக்கட்டைச் சுற்றி விரலால் அளந்தார்.

ஜெனூபாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாமி, கத்தரிக்காயா வாங்க வந்தீங்க?"

"பொறு புள்ள. இந்தப் பெருவிரலடியில என்ன தழும்பு?"

"சைக்கிள் செயின் வெட்டினது" என்றது திரை.

மாத்திரை குரலையும் தொடுவதில்லை. வீடே அதிர்ந்தது. ஜெனூபா அவசரமாக இருமினாள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று காட்ட இன்னொரு தரம் தடித்த குரலில் இருமினாள்.

மாமி சிரிக்கவில்லை.

"உன்ட பக்கத்துப் படமெல்லாம் அடிவரைக்கும் பாத்துட்டன் புள்ள. போன வருசத்துப் படத்திலயும் இதே தழும்பு இரிக்கு. ஆனா அந்தக் கையில நரம்பு கயிறு மாதிரி நிக்கிது. இப்ப காணல்ல."

திரைக்குள் அம்ஹா கையை இழுத்தாள். மாமி விடவில்லை.

"மாமி…" ஜெனூபாவின் குரல் இறங்கிவிட்டது. "அல்லாஹ்வுக்காக, ஆரிட்டயும் கதைச்சிடாதீங்க."

மாமி ஒரு கையால் அம்ஹாவைப் பிடித்தபடியே மறு கையால் பையிலிருந்து போனை எடுத்தார். எதையோ அமத்தி, திரைக்கு நேராக நீட்டினார்.

"படம் எடுக்காதீங்க மாமி!" ஜெனூபா பாய்ந்தாள்.

போனுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "என்ன உம்மா?" என்று ஒரு குரல் கேட்டது. தடித்த குரல். அம்ஹாவின் குரலைப் போலவே.

அம்ஹா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

மாமி அவளுடைய கையைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இஞ்ச பாரு! மாத்திர குடிக்கத் தொடங்கி மூணு மாசம் ஆகல்ல, கை மாறல்ல, கை மாறல்லயெண்டு ராவு பகலா அழுறாய். மாறுமெண்டு நான் சொன்னா நம்பினியா? இந்தா, இந்த ராத்தாட்ட நீயே கேளு மகள்!"