கயிற்றின் நீளம்

ரிமோட்டை அவன் மறுபடி மறுபடி அமுக்கினான்.

கார் ஷெட்டின் கதவு அசைந்துகொடுக்கவில்லை.

தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் கதவு மேலே ஏறாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அமுக்கினான். கை கால் ஓடாத மனுஷன் கையில் இருப்பதைத்தானே அமுக்குவான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி மாட்டிக்கொண்டிருக்கிறாள். போன் போட்டால் எடுக்கவில்லை. அதுவும் எந்த நாளில்? அவள் முதன்முதலாகக் கோர்ட்டில் வாதாட வேண்டிய நாளில்.

போன தடவை வழக்கு கைக்கு வந்த அன்றும் இந்தப் பாழாய்ப்போன கரண்ட்தான் கழுத்தறுத்தது. மோட்டார் வைத்த புதிது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கரண்ட் போனால் அதை இழுத்துவிட வேண்டும். மோட்டாரின் பிடி விட்டுவிடும், கதவைக் கையாலேயே தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கயிறு மெக்கானிக் தொடுகிற உயரத்தில் இருந்தது, அவளுக்கு எட்டவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூடிய கதவையே பார்த்தபடி காலை முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய சீனியர் வேறு ஒருவரை அனுப்பி வாய்தா வாங்கிக்கொண்டார். “உனக்கு ஆபீஸ் வேலைதாம்மா சரிப்பட்டு வரும்” என்று இனிமையாகச் சொல்லிவிட்டார். விடாமல் நச்சரித்துத்தான் இன்றைய வாய்ப்பை வாங்கியிருந்தாள். இதுவும் போனால் அந்த மனிதர் இனி அவள் பக்கமே திரும்பமாட்டார்.

அதனால்தான் ஆபீசில் விளக்கு அணைந்ததும் அவன் சீட்டை விட்டு எழுந்துவிட்டான். வீட்டிலும் போயிருக்கும். லீவு சொல்லாமல் கிளம்பி, இரண்டு பஸ் மாறி நெரிசலில் தொங்கி, இறங்கி ஓடி வந்திருந்தான். அவசரத்தில் ரிமோட்டை எடுத்தவன் வீட்டுச் சாவியை ஆபீஸ் மேஜையிலேயே விட்டுவிட்டான்.

எத்தனை சொன்னான் அவளிடம். கயிறெல்லாம் வேண்டாம், மோட்டாருக்குப் பேட்டரி போட்டுவிடலாம் என்றான். போட்டும் இருப்பான். கடைக்காரர்தான் ‘அடுத்த வாரம்’, ‘அடுத்த வாரம்’ என்று மாதக்கணக்கில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

அவளோ மெக்கானிக்கைத் திரும்ப வரவழைத்துக் கயிற்றை நீட்டச் சொன்னாள். “நான் எதுக்கு இருக்கேன்? ஒரு போன் போட்டா ஓடி வரமாட்டேனா?” என்று அவன் கேட்டான். அவள் மெக்கானிக்கைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் இறக்குங்கண்ணே” என்றாள்.

கடைசியில் அது அவன் இடுப்புக்குத் தொங்கியது. ஷெட்டுக்குள் போகும்போதெல்லாம் பெல்ட்டில் மாட்டும். திட்டிக்கொண்டே விடுவித்துக்கொள்வான். தினமும் காலையில் அவள் அதை இழுத்து, கதவைத் தள்ளி ஏற்றிப் பழகுகிற சத்தத்தில்தான் அவனுக்கு விழிப்பே வரும். அதையும் கிண்டல் செய்தான்.

இப்போது கிண்டலெல்லாம் எங்கே போனதோ. கதவை இரண்டு கையாலும் படபடவென்று தட்டினான்.

“பயப்படாத, நான் வந்துட்டேன்.”

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா துணியும் கையுமாக வாசலில் நின்று இதையெல்லாம் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“யாருக்குத் தம்பி தைரியம் சொல்றீங்க? அவ கோர்ட்டுக்குப் போயிட்டா. கரண்ட் போன கொஞ்ச நேரத்துல கதவு மேல போச்சு, கார் வெளிய வந்துச்சு. இழுத்துச் சாத்துற வேலைதான் எனக்கு.”

அவன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

“எங்க வீட்டு அவசரக்குடுக்கை ஓடி வரும், கொஞ்ச நேரம் தட்ட விட்டுச் சொல்லுங்கக்கான்னுட்டுப் போனா. பூட்டெல்லாம் இல்ல. கையால தூக்குங்க.”

தூக்கினான். ஸ்பிரிங்கை மெக்கானிக் அப்படி முறுக்கி வைத்திருந்தார், கதவு மறுபேச்சில்லாமல் மேலே போனது. அவன் முகத்தில் அசடு வழிந்தது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது.

ஷெட் காலியாகக் கிடந்தது. காலியான ஒரு ஷெட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

“தடை உத்தரவு வாங்கிட்டேன்” என்றாள். பின்னால் வக்கீல்களின் இரைச்சல். “சீனியர் அடுத்த கேஸ் கட்டையும் கையில குடுத்துட்டாரு. அது இருக்கட்டும், உங்களுக்குக் கதவு திறந்துச்சா?”

“திறந்துச்சு” என்றான்.

உள்ளே நடந்தபோது கயிறு வழக்கம்போல் பெல்ட்டில் மாட்டியது. இன்றைக்குத் திட்டவில்லை. மூலையில் கிடந்த பழைய நாற்காலியை இழுத்து, கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். கையை நீட்டினான்.

சிவப்புப் பிடி சரியாக உள்ளங்கைக்குள் வந்தது.

கீழே, தரைத் தூசியில், கயிற்றடியிலிருந்து கார் நின்ற இடம் வரை, அவளுடைய சக்கர நாற்காலியின் தடங்கள் இரண்டும் கொஞ்சமும் வளையாமல் போயிருந்தன.